ஊற்றும்போதே அளவு காட்டும் ஜக்: காப்புரிமை எதற்குக் கிடைக்கும்?

சமையல் மேடையில் ஒரு ஜக் இருக்கிறது. சாய்த்து எண்ணெய் ஊற்றினால் எத்தனை மில்லி போயிற்று, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கைப்பிடியில் உள்ள சின்னத் திரையில் எண் ஓடுகிறது. இப்படி ஒரு யோசனையை வீட்டிலோ கல்லூரியிலோ சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் "உடனே பேட்டன்ட் போட்டுடு, எவனாவது காப்பியடிச்சிடுவான்" என்பார்கள். மீதிப் பேர் "இதெல்லாம் ஏற்கெனவே இருக்குப்பா, கிடைக்காது" என்பார்கள்.

இரண்டாவது கூட்டம் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறது. ஆனாலும் இரு தரப்பும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. "ஜக்குக்குக் காப்புரிமை உண்டா" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. அந்த ஜக்கைப் பற்றி விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருப்பதால் அதை முதலில் தீர்த்துவிடலாம். பாட்டு, படம், புத்தகம் சம்பந்தப்பட்ட வழக்குச் செய்திகளிலும் சிலர் "காப்புரிமை" என்றே எழுதிவிடுகிறார்கள். அங்கே இருப்பது பதிப்புரிமை, எழுதியவுடன் தானாகவே வந்துவிடும். இங்கே பேசுவது பேட்டன்ட். அரசிடம் விண்ணப்பித்து, காப்புரிமை அலுவலகத்தின் தேர்வாளர் பரிசோதித்து, அதன் பிறகு வருவது. தானாக வராது. யோசனையைக் காகிதத்தில் எழுதித் தனக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் போதும் என்று ஒரு வைத்தியம் இன்னும் உலவுகிறது. அதனால் தபால் செலவுதான் மிச்சம்.

நான்கெல்லை

கிரயப் பத்திரம் படித்திருப்பீர்கள். முன்பக்கங்களில் யார் யாருக்கு விற்றார், பாட்டன் சொத்தா சுயார்ஜிதமா என்று நீளமாக ஓடும். ஆனால் தகராறு வந்தால் எல்லோரும் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்துக்குத்தான் போவார்கள். வடக்கே ராமசாமி நிலம், தெற்கே வாய்க்கால், கிழக்கே பொதுப்பாதை, மேற்கே இன்னாருடைய மனை. அந்த நான்கெல்லைக்குள் இருப்பதுதான் வாங்கியவருடையது.

காப்புரிமை ஆவணமும் கிட்டத்தட்ட அப்படித்தான். முதல் பகுதியில் பிரச்சினை என்ன, ஜக்கை எப்படிச் செய்வது என்று படத்தோடு விளக்கம் இருக்கும். கடைசியில் எண்ணிட்ட சில வாக்கியங்கள் வரும். இவற்றுக்கு உரிமைகோரல் என்று பெயர். கண்டுபிடித்தவர் கேட்கும் உரிமையின் எல்லையை வார்த்தையால் போடும் வாக்கியம் அது. தேர்வாளர் பார்ப்பதும் நீதிமன்றத்தில் வக்கீல்கள் மல்லுக்கட்டுவதும் இந்த வாக்கியங்களைப் பற்றித்தான்.

நம் ஜக்குக்கு ஓர் உரிமைகோரல் எழுதிப் பார்ப்போம்:

"திரவம் ஊற்றுவதற்கான கொள்கலன், வெளியேறும் திரவத்தை அளக்கும் உணரி (சென்சார்) ஒன்றும், அந்த அளவைக் காட்டும் திரை ஒன்றும் அதில் உள்ளன."

படித்தால் ஆசையாக இருக்கிறது. ஜக், குப்பி, கெட்டில், பால் கேன், எல்லாமே இதற்குள் வந்துவிடும். ஊரையே வளைத்துப் போட்ட மாதிரி. பிரச்சினையும் அதுதான். எல்லையை இவ்வளவு விரித்தால், ஏற்கெனவே யாரோ குடியிருக்கும் மனையும் உள்ளே வந்துவிடும். ஒரே ஒரு பழைய மனை உள்ளே இருந்தாலும் அந்த வாக்கியம் முழுதும் விழுந்துவிடும்.

வார்த்தை கூடக் கூட எல்லை சுருங்கும். "உணரி" என்பதைக் "கைப்பிடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே பொருத்திய எடை உணரி" என்று மாற்றினால் மூக்கில் சக்கரம் வைத்து ஓட்டத்தை அளக்கும் ஜக்கெல்லாம் வெளியே போய்விடும். இப்படிச் சுருக்கிய உரிமையை உடைப்பது எதிராளிக்குக் கடினம், சுற்றிக்கொண்டு போவது சுலபம். இந்த இழுபறியில் எங்கே நிற்பது என்று தீர்மானிப்பதுதான் விண்ணப்பம் எழுதுபவரின் கைத்திறன்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். பரிசோதிக்கப்படுவது மேடையில் இருக்கும் ஜக் அல்ல, உரிமைகோரல் என்ற வாக்கியம்.

முதல் வாசல்: புதுமை

இந்தியாவில் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மூன்று வாசல்களை வைத்திருக்கிறது. புதிதாக இருக்க வேண்டும், துறை தெரிந்தவருக்கே எளிதில் தோன்றாத ஒரு தாவல், அதாவது கண்டுபிடிப்புப் படி, இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். மூன்றாவதை ஜக் எளிதாகத் தாண்டிவிடும், அதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

புதுமை என்றால், விண்ணப்பித்த நாளுக்கு முன்பு உலகில் எங்கும் அதே விஷயம் வெளியாகியிருக்கக் கூடாது, பயன்பாட்டில் இருந்திருக்கக் கூடாது. அப்படி ஏற்கெனவே வெளியில் இருப்பவற்றின் மொத்தத்தை முன்னறிவு என்று சொல்வோம். "நம்ம ஊர்க் கடையில எங்கயும் பார்த்ததில்லை" என்பது இங்கே செல்லாது. எந்த நாட்டு ஆவணமாக இருந்தாலும், எந்த மொழியில் இருந்தாலும், விற்பனைக்கே வராத பொருளாக இருந்தாலும் முன்னறிவுதான். பாட்டி வைத்தியமும் அதில் சேரும். மஞ்சளால் காயம் ஆற்றுவதற்கு 1995இல் அமெரிக்கா கொடுத்த காப்புரிமையை, இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் காட்டி 1997இல் ரத்து செய்ய வைத்தது இந்த வாசலில்தான்.

அளந்து ஊற்றும் ஆசை மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த ஹீரோன், காசு போட்டால் ஒரு குறிப்பிட்ட அளவு தீர்த்தம் மட்டும் தரும் பாத்திரத்தை விவரித்து வைத்திருக்கிறார். காசு ஒரு நெம்புகோல் மேல் விழும், வால்வு திறக்கும், காசு சரிந்து விழுந்ததும் மூடிக்கொள்ளும். இன்றைய மதுக்கூடங்களில் பாட்டில் வாயில் செருகும் மூக்குகளில் சிறு குண்டுகள் வைத்து, சாய்த்தால் ஓர் அளவோடு நின்றுவிடும்படி செய்கிறார்கள். கைப்பிடியில் எடை காட்டும் அளவுக் கோப்பைகள் இணையக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன.

எனக்குப் பிடித்த சாட்சி வேறொன்று. உலகின் காப்புரிமை ஆவணங்களையெல்லாம் பொருள்வாரியாக அடுக்கிவைக்க ஒரு சர்வதேச வகைப்பாடு உண்டு, நூலகத்து அலமாரி எண் மாதிரி. அதில் திரவ அளவையும் ஓட்டத்தையும் அளப்பவற்றுக்கு ஜி01எஃப் என்று ஓர் அலமாரி. எடை போடுபவற்றுக்கு ஜி01ஜி. இந்த இரண்டாவது அலமாரியில் 19/56 என்று ஓர் அறை இருக்கிறது. கருவிகள் அல்லது வீட்டுப் பாத்திரங்களின் கைப்பிடியோடு சேர்ந்த தராசுகளுக்கென்றே ஒதுக்கிய அறை. அலமாரிக்காரர் தனி அறையே கட்டி வைத்திருக்கிறார் என்றால், உள்ளே சரக்கு நிறைய வந்திருக்கிறது என்று அர்த்தம். நம் யோசனையின் முதல் வடிவம் விழுவது இந்த அறைக்குள்தான்.

அதனால் பணம் செலவழிக்கும் முன் தேடுங்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் மூன்றும் இலவசம். "ஸ்மார்ட் ஜக்" என்று தட்டினால் அதிகம் கிடைக்காது. இந்த ஆவணங்களில் ஜக்கை ஜக் என்று எழுதும் வழக்கம் குறைவு, "ஊற்றும் கலம்", "விநியோகிக்கும் சாதனம்" என்று சுற்றி வளைத்துத்தான் எழுதியிருப்பார்கள். வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேடினால் சிக்கும்.

நீங்கள் போட்ட வீடியோவும் முன்னறிவுதான். விண்ணப்பிக்கும் முன் ஜக் வேலை செய்வதைப் படமெடுத்து யூடியூபில் ஏற்றினால், உங்கள் புதுமையை நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள். அரசு அறிவித்த கண்காட்சிகள் போன்ற சில குறுகிய விதிவிலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்க வேண்டாம்.

இரண்டாவது வாசல்: கண்டுபிடிப்புப் படி

பெரும்பாலான ஜக்குகள் உடைவது இங்கேதான்.

அதே பொருள் வேறெங்கும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். யாரும் எவர்சில்வர் கூஜாவில் திரை வைத்ததில்லை. புதுமை உண்டு. ஆனால் சட்டம் அடுத்த கேள்வியைக் கேட்கிறது: இந்தத் துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவருக்கு இது தானாகத் தோன்றியிருக்காதா? தோன்றியிருக்காது என்றால்தான் அதில் கண்டுபிடிப்புப் படி இருக்கிறது. இருக்கும் அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும், அதோடு துறை தெரிந்தவருக்கு அது வெளிப்படையாகத் தெரியாததாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் இலக்கணம்.

பென்சிலின் பின்பக்கத்தில் ரப்பர் இருக்கிறதே, அது இந்தக் கேள்வியில் தோற்றுப்போனது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹைமன் லிப்மன் 1858இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அந்த உரிமையை விலைக்கு வாங்கியவர் பின்னால் வழக்குப் போட, 1875இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காப்புரிமை செல்லாது என்றது. பென்சில் பென்சிலாகவே எழுதுகிறது, ரப்பர் ரப்பராகவே அழிக்கிறது. இரண்டும் சேர்ந்ததால் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. வசதி இருக்கிறது, கண்டுபிடிப்பு இல்லை.

நம் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு இதையே நேராகச் சொல்லிவிடுகிறது. தெரிந்த சாதனங்களைச் சும்மா சேர்த்து வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தால் அது கண்டுபிடிப்பே இல்லை. ஜக்கின் பக்கத்தில் கடிகாரத்தை ஒட்டினால் அது ஜக்கும் கடிகாரமும்தான். ஜக்கில் மீட்டரை ஒட்டினாலும் கேள்வி அங்கேயே நிற்கிறது.

பாத்திரக் கதையே இந்தியாவில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மிர்சாப்பூரில் பித்தளைப் பாத்திரம் செய்த ஒரு நிறுவனம், பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்துக் கடையும் முறைக்கு 1951ஆம் ஆண்டுத் தேதியிட்ட காப்புரிமை வைத்திருந்தது. பழைய முறையில் பாத்திரத்தை ஒட்டுப்பசை போட்டோ பிடிதாடையில் இறுக்கியோ கடைவார்கள். அதற்குப் பதில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு முனையால் அழுத்திப் பிடிப்பது இவர்கள் வழி. வேலை வேகமானது, பத்திரமானதும்கூட. ஆனாலும் பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கு என்று வக்கீல்கள் இன்றும் மேற்கோள் காட்டும் அந்த வழக்கில், 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காப்புரிமையை ரத்து செய்தது. அந்த இயந்திரத்தின் உறுப்புகளும் அழுத்திப் பிடிக்கும் முறையும் முன்பே தெரிந்தவை. நல்ல பட்டறைக்காரர் யாரும் செய்திருக்கக்கூடிய திருத்தம் இது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். காப்புரிமை கிடைத்துவிட்டது என்பதே அது செல்லுபடியாகும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்றும் நீதிமன்றம் அதில் சொன்னது. பத்திரம் பதிவானதாலேயே பட்டாத் தகராறு வராது என்று யாராவது சொல்வார்களா?

நம் ஜக்குக்கு இன்னும் நெருங்கிய உறவு, 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த கேஎஸ்ஆர் வழக்கு. காரின் ஆக்சிலரேட்டர் பெடலை ஓட்டுநரின் உயரத்துக்கேற்ப நகர்த்தும் அமைப்பு முன்பே இருந்தது. மின்னணு உணரியும் முன்பே இருந்தது. உணரியை அந்தப் பெடலின் நகராத அச்சில் பொருத்தினேன் என்பதுதான் உரிமைகோரல். கார்த் தொழில் முழுக்க மின்னணு உணரிக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், அதைப் பழைய பெடலில் எங்கே பொருத்துவது என்பது எந்தப் பொறியாளரும் கண்டுபிடித்திருக்கக்கூடியது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. துறை தெரிந்தவர் என்றால் அவருக்கும் சாதாரணக் கற்பனை உண்டு, அவர் பொம்மை இல்லை என்பது அதன் நிலைப்பாடு. பழைய இயந்திரப் பொருளோடு உணரியைச் சேர்க்கும் யார்க்கும் இந்தத் தீர்ப்பு உறைக்க வேண்டும். இன்றைக்கு எதைப் பார்த்தாலும் உணரி வைக்கிறோம். "நானும் வைத்தேன்" என்பதற்கு மதிப்பு குறைந்துகொண்டே வருகிறது.

சுருக்கமாக: யாரும் செய்யாதது என்பது முதல் வாசலுக்குப் போதும். இரண்டாவதில், துறை தெரிந்த ஒருவரும் எளிதில் எட்டியிருக்க மாட்டார் என்று காட்ட வேண்டும்.

அப்படியானால் எங்கேதான் இடம் இருக்கிறது?

ஜக்கை உண்மையில் செய்துபார்ப்பவருக்கு மட்டுமே தெரியும் தொல்லைகளில் இருக்கிறது.

முதல் வழி, மூக்கில் ஒரு சின்னச் சக்கரம். திரவம் ஓடும்போது சக்கரம் சுற்றும், அதில் உள்ள காந்தத்தை ஓர் உணரி எண்ணும். கைவினை மின்னணுக் கடைகளில் சல்லிசாகக் கிடைப்பது இதுதான். குழாய் நிறையத் திரவம் ஓடும்போது ஒழுங்காக எண்ணும். ஆனால் ஜக்கின் மூக்கில் திரவம் பாதி, காற்று பாதி. மெதுவாகச் சாய்த்தால் சக்கரம் அசையவே அசையாது. தண்ணீருக்குச் சரிசெய்து வைத்தால் விளக்கெண்ணெய்க்குத் தப்பாகும்.

இரண்டாவது வழி, எடை. பாத்திரத்தின் எடை நொடிக்கு எத்தனை கிராம் குறைகிறது என்று பார்த்தால் அதுவே ஓட்டத்தின் வேகம். கிராமை மில்லியாக்க அடர்த்தி தெரிய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, பால் அதற்குக் கொஞ்சம் மேல், சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம். இது சின்னத் தொல்லை. பெரியது சாய்வு. எடை உணரி ஒரு திசையில்தான் விசையைப் பார்க்கும். ஜக்கை 60 டிகிரி சாய்த்தால் அந்தத் திசையில் விழுவது எடையில் பாதிதான். ஒரு சொட்டு ஊற்றாமலேயே அரை ஜக் காலி என்று திரை காட்டும். கை கொஞ்சம் நடுங்கினால் எண் துள்ளும்.

சாய்வை அளக்க இன்னோர் உணரி வைத்து எடையைத் திருத்தலாமே? திருத்தலாம். ஆனால் அதையும் தேர்வாளர் "பொறியாளருக்குத் தோன்றக்கூடியதுதான்" என்று சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது. செல்பேசியில்கூட இருக்கும் உணரி அது.

இன்னும் ஒரு படி கீழே போவோம். போதும் என்று நிமிர்த்திய பிறகும் மூக்கில் இருக்கும் திரவம் கொஞ்சம் போய்க்கொண்டே இருக்கும். டீ மாஸ்டர்கள் இதைக் கையாலேயே கணக்குப் போட்டு, கொஞ்சம் முன்பாகவே நிமிர்த்திவிடுவார்கள். முதல் நொடியில் ஓட்டம் எப்படி ஏறுகிறது என்பதிலிருந்து திரவத்தின் கெட்டித்தன்மையை ஊகித்து, எப்போது நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் ஜக் ஒன்றை யாராவது செய்தால்? கூடவே மூக்கின் உள்வடிவத்தையும் அந்த ஊகம் பிழைக்காதபடி அமைத்தால்? இங்கே உணரியும் மூக்கும் கணக்கும் தனித்தனியாக நிற்கவில்லை, ஒன்றை ஒன்று மாற்றுகின்றன. பென்சிலும் ரப்பரும் அல்ல இது. வாதாட இடம் இருக்கிறது. கிடைத்தேவிடும் என்று நான் சொல்லவில்லை, தேடிப் பார்க்காமல் யாரும் சொல்லக் கூடாது.

இங்கே ஒரு முள்ளும் உண்டு. 3(கே) பிரிவு கணித முறைகளையும், அல்காரிதங்களையும், வெறும் கணினி நிரலையும் காப்புரிமைக்கு வெளியே வைக்கிறது. கணக்கு மட்டுமே உங்கள் கண்டுபிடிப்பு என்று உரிமைகோரல் ஒலித்தால் அங்கே சிக்கிக்கொள்ளும். மூக்கு, உணரி இருக்கும் இடம், அளவில் கிடைக்கும் துல்லியம் என்று பொருளோடு பிணைத்து எழுத வேண்டும்.

ஆகவே, "ஊற்றும்போது அளவு காட்டும் ஜக்" என்பது விருப்பம். விருப்பத்துக்குக் காப்புரிமை இல்லை. அந்த விருப்பத்துக்குக் குறுக்கே நின்ற ஒரு தடையை எதிர்பாராத வழியில் தாண்டியிருந்தால், அந்த வழிக்குக் கேட்கலாம்.

கிடைத்தால் என்ன கிடைக்கிறது?

விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள், நீங்கள் விண்ணப்பித்த நாட்டில் மட்டும். "உலகக் காப்புரிமை" என்று ஒன்று கிடையாது.

கிடைப்பது மற்றவர்களைத் தடுக்கும் உரிமை, நீங்கள் செய்து விற்பதற்கான அனுமதி அல்ல. நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. கைப்பிடித் தராசுக்கு வேறொருவர் செல்லுபடியாகும் காப்புரிமை வைத்திருக்கிறார், அதன் மேல் உங்கள் முன்னூகிப்பு மூக்கைச் சேர்த்தீர்கள் என்று வையுங்கள். உங்களுக்கும் காப்புரிமை கிடைக்கலாம். ஆனாலும் அவர் சம்மதம் இல்லாமல் நீங்கள் ஜக் செய்ய முடியாது, உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் உங்கள் மூக்கை வைக்க முடியாது. நடுமனை உங்களுடையது, பாதை அடுத்தவருடையது.

வழிமுறை இப்படி: இன்னும் சோதனையில் இருக்கிறீர்கள் என்றால் கண்டுபிடிப்பை விளக்கும் தற்காலிக விவரணம் ஒன்றைத் தாக்கல் செய்து விண்ணப்பித்த நாளைப் பிடித்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் முழு விவரணம் தர வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில். தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் தொடக்கக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதிக்கச் சொல்லிக் கேட்பதற்குத் தனியாக 4,000 ரூபாய். விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்து வெளியிடப்படும், அதன் பிறகு உங்கள் ரகசியம் ஊரறிந்தது. அரசுக் கட்டணத்தைவிட, உரிமைகோரலை எழுதித் தரும் முகவருக்குத் தரும் தொகைதான் பெரிதாக இருக்கும். நீங்களே எழுதுவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் நான்கெல்லையைத் தானே எழுதிக்கொண்டவர் கதையும் ஊரில் உண்டு.

ஜக்கின் உள்வேலை ஒன்றும் புதிதில்லை, உருவம்தான் அழகு என்றால் காப்புரிமை கேட்காமல் வடிவமைப்புப் பதிவுக்குப் போங்கள். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி கண்ணுக்குத் தெரியும் உருவத்துக்கு 10 ஆண்டுப் பாதுகாப்பு, நீட்டித்தால் மேலும் 5.

கடைக்காரர்களுக்கு விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இதையும் கவனியுங்கள். அளந்து விற்கப் பயன்படும் எந்த அளவையும் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி சரிபார்த்து முத்திரை குத்தியிருக்க வேண்டும். பால்காரரின் தகர அளவைக்கு உள்ள அதே விதிதான். காப்புரிமைச் சான்றிதழைக் கல்லாவுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்தாலும், முத்திரை இல்லாத ஜக்கால் அரை லிட்டர் எண்ணெய்கூட அளந்து விற்க முடியாது.